டர்ட் பைக் டிரெய்லர்

டர்ட் பைக் டிரெய்லர் என்பது மண்பாதை, மணல்மேடு, மோட்டோகிராஸ் தடம் போன்ற இடங்களில் ஓட்டப்படும் மோட்டார் சைக்கிள்களை ஏற்றிச் செல்வதற்காக, காரின் அல்லது பிக்கப் வாகனத்தின் பின்னால் இணைத்து இழுக்கப்படும் சிறிய சுமை வண்டி ஆகும். இதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் உண்டு. எனினும் ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலும் பயன்படுவது மண், மரம், தோட்டக் கருவிகள் முதலியவற்றை ஏற்றும் பொதுப் பயன்பாட்டு டிரெய்லரே. இதன் தளம் தட்டையானது. சுற்றிலும் தாழ்வான தடுப்புக் கம்பிகளும், பின்புறம் கீழே இறக்கக்கூடிய சாய்தளக் கதவும் இருக்கும்.

டிரெய்லரின் அளவைத் தேர்வதில் இரண்டு வெவ்வேறு வரம்புகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஒன்று தளத்தில் உள்ள இடம், மற்றது எடை. டர்ட் பைக் எடை குறைந்தது. ஆனால் நீளமும் கைப்பிடி அகலமும் மிக்கது. ஆகவே டிரெய்லரைப் பொறுத்தவரை எடை வரம்பை எட்டும் முன்னரே இடம் தீர்ந்துவிடும். இழுக்கும் வாகனத்தைப் பொறுத்தவரையோ, இடம் மீதமிருக்கும்போதே எடை வரம்பு எட்டப்படலாம். சுமை தளத்தின் எந்தப் பகுதியில் அமைகிறது என்பதும் இவ்விரண்டுக்கு இணையாக முக்கியமானது.

## அளவைக் குறிக்கும் முறை

ஐக்கிய அமெரிக்காவில் டிரெய்லர்கள் 5×8, 6×12 என்பன போல இரு எண்களால் குறிக்கப்படுகின்றன. முதல் எண் தளத்தின் அகலத்தையும், இரண்டாம் எண் நீளத்தையும் அடிக் கணக்கில் தருகின்றன. இவை தளத்தின் அளவுகளே அன்றி வண்டியின் முழு அளவுகள் அல்ல. முன்னால் நீளும் இணைப்புக் கோல் நீளத்தில் ஏறத்தாழ 3.5 முதல் 4 அடி வரை கூட்டுகிறது. எனவே 5×10 டிரெய்லரை நிறுத்தி வைக்க ஏறத்தாழ 14 அடி நீளம் தேவை.

சிறிய டிரெய்லர்களில் சக்கரங்கள் தளத்திற்கு வெளியே இரு புறமும் அமைவதால், முழு அகலம் தளத்தின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வாகன அகலத்திற்குப் பொதுவாக விதிக்கப்படும் வரம்பு 102 அங்குலம் (259 செ.மீ.) ஆகும். இதிலிருந்து இரு சக்கரங்களுக்கும் மட்கார்டுகளுக்குமான இடத்தைக் கழித்தால் தளத்திற்கு எஞ்சுவது ஏறத்தாழ 83 அங்குலம். சந்தையில் 7 அடி எனச் சொல்லப்படும் பல டிரெய்லர்களின் தளம் உண்மையில் 84 அங்குலமாக இல்லாமல் 83 அங்குலமாக இருப்பதன் காரணம் இதுவே. அதேபோல் 6.5 அடி எனப்படுவது பெரும்பாலும் 77 அங்குலமாக (196 செ.மீ.) இருக்கும்.

## வரலாறு

கரடுமுரடான நிலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் போட்டிகள் 1920களில் பிரித்தானியாவில் தோன்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவை ஐரோப்பாவில் மோட்டோகிராஸ் என்னும் பெயரில் வளர்ந்தன. 1966இல் எடிசன் டை என்பவர் சுவீடன் வீரர் டோர்ஸ்டன் ஹால்மனை அமெரிக்காவிற்கு அழைத்து வந்து போட்டிகளில் ஓட்டச் செய்தது, அந்நாட்டில் இவ்விளையாட்டு பரவ வழிவகுத்தது. 1968இல் யமஹா நிறுவனத்தின் டிடி-1 சந்தைக்கு வந்தது. இது சாலையிலும் மண்பாதையிலும் ஓடக்கூடியது. புரூஸ் பிரவுன் இயக்கிய "ஆன் எனி சண்டே" என்னும் ஆவணப்படம் 1971இல் வெளிவந்தது. 1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் விளையாட்டரங்கினுள் மோட்டோகிராஸ் போட்டி நடத்தப்பட்டது.

போட்டிக்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் பெருகியபோது ஏற்றிச் செல்லும் தேவையும் பெருகியது. ஹோண்டாவின் சிஆர்250எம் (1973) போன்ற வண்டிகளில் முகப்பு விளக்கோ திசை காட்டும் விளக்கோ இல்லை. இத்தகைய வண்டிகளைச் சாலையில் ஓட்டுவதற்குப் பதிவு கிடைக்காது. எனவே வீட்டிலிருந்து தடம் வரை மற்றொரு வாகனத்தின் மீதோ பின்னோதான் அவை செல்ல வேண்டும். வேன், பிக்கப் ஆகியவற்றோடு டிரெய்லரும் இதற்குப் பயன்பட்டது.

பயன்பாட்டு டிரெய்லர் இதற்கும் முந்தியது. லெனர்ட் சோயன், அன்னா மேரி சோயன் இணையர் 1945இல் வாஷிங்டன் மாநிலத்தின் ரிட்ஜ்ஃபீல்டில் தொடங்கிய யூ-ஹால் நிறுவனம், டிரெய்லர்களை ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விடும் ஒருவழி வாடகை முறையை நாடெங்கும் பரப்பியது. டிரெய்லர் இழுப்பது சாதாரணக் குடும்பங்களுக்கும் பழக்கமானதில் இந்நிறுவனத்திற்குப் பங்கு உண்டு.

## பிக்கப் தளத்துடன் ஒப்பீடு

ஒன்று அல்லது இரண்டு வண்டிகளை மட்டும் கொண்டு செல்வோர் பிக்கப் வாகனத்தின் சுமைத் தளத்தையே பயன்படுத்துவதுண்டு. ஆனால் முழு அளவு டர்ட் பைக் ஒன்றின் நீளம் 7 அடிக்கு மேல். இன்றைய பிக்கப் வாகனங்களின் தளம் பெரும்பாலும் 5.5 அல்லது 6.5 அடி நீளமே உடையது. எனவே பின்கதவைத் திறந்த நிலையிலேயே வண்டியைக் கட்ட நேரிடுகிறது. பிக்கப் தளம் உயரமானதாகையால் ஏற்றுவதும் கடினம். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 45 முதல் 50 செ.மீ. உயரத்திலேயே இருப்பது இதன் முதன்மையான நன்மை. பின்னோக்கி ஓட்டுவதில் உள்ள சிக்கல், நிறுத்தும் இடம், வேக வரம்பு, கூடுதல் டயர்களின் பராமரிப்பு ஆகியன இதன் குறைகள்.

## ஏற்றப்படும் வண்டிகளின் அளவு

டர்ட் பைக்குகள் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கானவை முதல் நெடுந்தூரப் பாலைவனப் பயண வண்டிகள் வரை பல அளவுகளில் உள்ளன. எரிபொருள் நிரப்பிய நிலையில் அவற்றின் தோராயமான எடைகள் பின்வருமாறு:

- சிறுவர்க்கான 50 சிசி (யமஹா பிடபிள்யூ50, ஹோண்டா சிஆர்எஃப்50எஃப்): 40 முதல் 50 கிலோகிராம், நீளம் ஏறத்தாழ 125 முதல் 130 செ.மீ.
- பயிற்சிக்கான 110 சிசி (ஹோண்டா சிஆர்எஃப்110எஃப்): ஏறத்தாழ 77 கிலோகிராம்
- போட்டிக்கான 125 சிசி இருவீச்சு (யமஹா ஒய்இசட்125): ஏறத்தாழ 95 கிலோகிராம்
- போட்டிக்கான 250 சிசி நான்குவீச்சு: ஏறத்தாழ 105 கிலோகிராம்
- போட்டிக்கான 450 சிசி நான்குவீச்சு: ஏறத்தாழ 110 கிலோகிராம்
- சாலைப் பதிவு பெறக்கூடிய 650 சிசி (ஹோண்டா எக்ஸ்ஆர்650எல்): ஏறத்தாழ 157 கிலோகிராம்

முழு அளவு மோட்டோகிராஸ் வண்டி ஒன்றின் முழு நீளம் ஏறத்தாழ 218 செ.மீ. (7 அடி 2 அங்குலம்). இரு சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 148 செ.மீ.; கைப்பிடியின் அகலம் 80 முதல் 83 செ.மீ. ஆகும். தளத்தின் நீளத்தை முடிவு செய்வது முதல் அளவு. அகலத்தை முடிவு செய்வது கைப்பிடி.

கைப்பிடி தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. டிரெய்லரின் பக்கத் தடுப்பு அதைவிட மிகவும் தாழ்வானது. எனவே ஓரத்தில் நிற்கும் வண்டியின் கைப்பிடி தடுப்புக்கு மேலாகச் சற்று வெளியே நீண்டிருக்கலாம். கைப்பிடிகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க இரு முறைகள் கையாளப்படுகின்றன. நடுவில் உள்ள வண்டியைப் பின்னோக்கித் திருப்பி நிறுத்துவது ஒன்று. ஒரு வண்டியை மற்றதைவிடச் சற்றுப் பின்தள்ளி நிறுத்துவது மற்றொன்று. இவ்வாறு அமைக்கும்போது அடுத்தடுத்த சக்கரங்களுக்கிடையே 55 முதல் 60 செ.மீ. இடைவெளி போதுமானதாகிறது.

## தளத்தின் அளவுகள்

பரவலாகக் கிடைக்கும் அளவுகளும், அவற்றில் அடங்கும் முழு அளவு வண்டிகளின் எண்ணிக்கையும் பின்வருமாறு. எண்ணிக்கை தடுப்பின் உயரம், முன்புறச் சட்டத்தின் அமைப்பு, வண்டியின் வகை ஆகியவற்றைப் பொறுத்துச் சற்று மாறும்.

- 4×8 அடி (122×244 செ.மீ.): ஒன்று, எதிரெதிர்த் திசையில் நிறுத்தினால் இரண்டு. பெட்டிகளுக்கு இடம் குறைவு. மடித்து நிமிர்த்தி வைக்கக்கூடிய எடை குறைந்த வகைகளும் இவ்வளவில் உள்ளன.
- 5×8 அடி (152×244 செ.மீ.): இரண்டு தாராளமாக, மூன்று நெருக்கமாக.
- 5×10 அடி (152×305 செ.மீ.): மூன்று வண்டிகளும் ஒரு கருவிப் பெட்டியும், அல்லது இரண்டு பெரிய வண்டிகளும், அவற்றின் பின்னால் குறுக்காக ஒரு சிறுவர் வண்டியும்.
- 6×12 அடி (183×366 செ.மீ.): மூன்று தாராளமாக, அவற்றோடு முகாம் பொருட்கள்.
- 6.5×12 அடி (196×366 செ.மீ.): மூன்று அல்லது நான்கு.
- 7×14 அடி (211×427 செ.மீ.): நான்கு பெரிய வண்டிகளும், எஞ்சும் இரண்டு மீட்டர் நீளத்தில் சிறுவர் வண்டிகளும்.

எட்டு அடி நீளத் தளத்தில் பெரிய வண்டியை நிறுத்தியபின் எஞ்சும் நீளம் ஏறத்தாழ 26 செ.மீ. மட்டுமே. பின்கதவு மூடிக்கொள்ளும்; ஆனால் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திச் சுமையைச் சமன் செய்ய இயலாது. பத்து அடி நீளத்தில் எஞ்சும் 87 செ.மீ. கருவிப் பெட்டிக்கு இடம் தருவதோடு, எடையைச் சரியான இடத்தில் அமைக்கும் வாய்ப்பையும் தருகிறது. இரண்டு அல்லது மூன்று வண்டிகள் வைத்திருப்போர் பலர் 5×10 அளவை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

தேவையைவிட மிகப் பெரிய டிரெய்லருக்கும் குறைகள் உண்டு. அதன் வெற்று எடை கூடுதல். காலியாக இழுக்கும்போது துள்ளுவதும் கூடுதல். மேலும் மீந்த இடம் நாளடைவில் வேறு பொருட்களால் நிரப்பப்பட்டு, இழுக்கும் வாகனத்தின் வரம்பு கவனிக்கப்படாமலேயே மீறப்படக்கூடும்.

## எடை வரம்புகள்

### டிரெய்லரின் வரம்பு

டிரெய்லரின் சட்டத்தில் பொருத்தப்பட்ட தகட்டில் அதன் மொத்த எடை வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். இது டிரெய்லரின் சொந்த எடையும் சுமையும் சேர்ந்த மிக உயர்ந்த எடையாகும். இதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய சுமை கிடைக்கும்.

ஒற்றை அச்சுள்ள பயன்பாட்டு டிரெய்லர்கள் பலவற்றில் 3500 பவுண்டு தாங்கும் அச்சு பொருத்தப்பட்டிருந்தும், தகட்டில் 2990 பவுண்டு (1356 கிலோகிராம்) என்றே குறிக்கப்படுகிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 3000 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனித் தடை அமைப்பு கட்டாயம் என்பதே இதன் காரணம். ஏறத்தாழ 350 கிலோகிராம் எடையுள்ள இத்தகைய 5×10 டிரெய்லர் ஒன்று 1000 கிலோகிராம் சுமையை ஏற்கும். மூன்று 450 சிசி வண்டிகளின் எடை 330 கிலோகிராம் மட்டுமே. எனவே டிரெய்லரின் தாங்குதிறன் இங்குக் கட்டுப்படுத்தும் காரணி அன்று.

### இழுக்கும் வாகனத்தின் வரம்பு

ஒவ்வொரு வாகனத்திற்கும் அது இழுக்கக்கூடிய உச்ச எடையை உற்பத்தியாளர் நிர்ணயிக்கிறார். சிறிய குறுக்கு வகைக் கார்கள் பலவற்றுக்கு இது 1500 பவுண்டு (680 கிலோகிராம்) மட்டுமே. இரண்டு வண்டிகளை ஏற்றிய 4×8 டிரெய்லர் இதற்குள் அடங்கும். எடுத்துக்காட்டாக டிரெய்லர் 230, வண்டிகள் 220, பொருட்கள் 40 எனக் கொண்டால் மொத்தம் 490 கிலோகிராம். மூன்று வண்டிகளும் பொருட்களும் ஏற்றிய 5×10 டிரெய்லரின் எடையோ 740 கிலோகிராம். இது அவ்வரம்பைத் தாண்டிவிடுகிறது. தளத்தில் இடம் இருந்தும் இழுக்க இயலாத நிலைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

இழுதிறனுடன் வாகனத்தின் சொந்தச் சுமை வரம்பும் கணக்கில் கொள்ளப்பட வேண்டியது. டிரெய்லரின் முன்முனை வாகனத்தின் மீது அழுத்தும் எடை, பயணிகளின் எடை, வாகனத்தினுள் உள்ள பொருட்களின் எடை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த வரம்பிற்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கப்படும் கார்களில் இவ்வரம்பு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் உள்ள வில்லையில் அச்சிடப்பட்டிருக்கும்.

### இணைப்பு வகுப்புகள்

வாகனத்தின் பின்னால் பொருத்தப்படும் இணைப்புச் சட்டங்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் வகுப்பு 2000 பவுண்டு (907 கிலோகிராம்) டிரெய்லரையும் 200 பவுண்டு (91 கிலோகிராம்) முன்முனை எடையையும் தாங்கும். இரண்டாம் வகுப்பின் வரம்புகள் 3500 பவுண்டும் 350 பவுண்டும் ஆகும். இதற்கு மேல் மூன்றாம் வகுப்பு முதலியன உள்ளன. உயர்ந்த வகுப்புச் சட்டத்தைப் பொருத்துவதால் வாகனத்தின் இழுதிறன் கூடுவதில்லை. இவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே முழு இணைப்பின் வரம்பாகும்.

இணைப்புக் குண்டுகள் 1⅞, 2, 2⁵⁄₁₆ அங்குல விட்டங்களில் கிடைக்கின்றன. குண்டின் விட்டமும் டிரெய்லர் இணைப்பியின் அளவும் ஒன்றாக இருத்தல் கட்டாயம். 2 அங்குல இணைப்பி 1⅞ அங்குலக் குண்டின் மீது பொருந்தியது போலத் தோன்றினாலும், மேடுபள்ளத்தில் கழன்றுவிடக்கூடியது.

## முன்முனை எடையும் சமநிலையும்

டிரெய்லரின் இணைப்பி குண்டின் மீது செங்குத்தாக அழுத்தும் எடை முன்முனை எடை எனப்படும். அமெரிக்க வழக்கில் இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. இதைவிடக் குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கலாம். மிகையானால் வாகனத்தின் பின்பகுதி தாழ்ந்து, முன் சக்கரங்களின் மீதான எடை குறைந்து, திருப்புவதும் தடை போடுவதும் பாதிக்கப்படும்.

சுமை ஒன்று முன்முனையில் கூட்டும் எடையைக் கீழ்க்காணும் முறையில் கணக்கிடலாம்: சுமையின் எடையை, அச்சிலிருந்து அது முன்னால் உள்ள தூரத்தால் பெருக்கி, அச்சிலிருந்து இணைப்புக் குண்டு வரையுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். சுமை அச்சுக்குப் பின்னால் இருந்தால் விடை கழிக்கப்படும்.

மேற்கூறிய 5×10 டிரெய்லரில் அச்சுக்கும் குண்டுக்கும் இடையே 2.9 மீட்டர் தூரமும், வெறுமையாக உள்ளபோது முன்முனை எடை 38 கிலோகிராமும் எனக் கொள்வோம். அதில் 330 கிலோகிராம் எடையுள்ள மூன்று வண்டிகளும் 60 கிலோகிராம் எடையுள்ள கருவிப் பெட்டியும் ஏற்றப்படுகின்றன. மொத்த எடை 740 கிலோகிராம்.

- பெட்டி முன்புறத்தில், அச்சிலிருந்து 1.6 மீட்டர் முன்னால். வண்டிகளின் எடை மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால்: முன்முனை எடை ஏறத்தாழ 105 கிலோகிராம், அதாவது 14 விழுக்காடு.
- பெட்டி அதே இடத்தில். வண்டிகள் மட்டும் 40 செ.மீ. பின்னால் நகர்த்தப்பட்டால்: ஏறத்தாழ 60 கிலோகிராம், அதாவது 8 விழுக்காடு.
- வண்டிகள் அவ்வாறே. பெட்டியும் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் வைக்கப்பட்டால்: ஏறத்தாழ 6 கிலோகிராம், அதாவது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு.

மூன்று நிலைகளிலும் டிரெய்லரும் ஒன்றே, சுமையும் ஒன்றே. முதல் நிலை பாதுகாப்பானது; மூன்றாம் நிலை நெடுஞ்சாலை வேகத்தில் ஆபத்தானது. முதல் நிலையிலும் ஒன்று கவனிக்கத்தக்கது. 105 கிலோகிராம் என்பது முதல் வகுப்பு இணைப்புச் சட்டத்தின் 91 கிலோகிராம் வரம்பைத் தாண்டுகிறது. மொத்த எடை வரம்பிற்குள் இருந்தபோதிலும் இங்கு இரண்டாம் வகுப்புச் சட்டமே பொருத்தமானது.

முன்முனை எடையை அளக்கச் சிறப்புக் கருவிகள் உள்ளன. சிறிய டிரெய்லர்களுக்கு, இணைப்பியின் வழக்கமான உயரத்திற்கு வெட்டிய கட்டையை உடல் எடை பார்க்கும் தராசின் மீது நிறுத்தி, அதன் மேல் இணைப்பியை இறக்கியும் அளக்கலாம். டிரெய்லர் சமதளத்தில் நிற்க வேண்டும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

### பக்கவாட்டு ஊசலாட்டம்

காற்று வீச்சு, கனரக வாகனம் முந்திச் செல்லுதல், திடீர்த் திருப்பம் ஆகியவற்றால் டிரெய்லர் பக்கவாட்டில் அசைகிறது. குறைந்த வேகத்தில் இவ்வசைவு தானே அடங்கும். வேகம் கூடக் கூட அடங்கும் தன்மை குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் ஒவ்வோர் அசைவும் முந்தியதைவிடப் பெரிதாகி, டிரெய்லர் வாகனத்தையும் தன்னோடு இழுத்துக் கவிழ்த்துவிடலாம். எடை பின்பகுதியில் இருந்தால் அந்த வேகம் குறைவாகவே இருக்கும். எனவே நகரத்திற்குள் ஒழுங்காக வந்த டிரெய்லர் நெடுஞ்சாலையில் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும்.

ஊசலாட்டம் தொடங்கினால் முடுக்கியிலிருந்து காலை எடுத்து, திருப்பு சக்கரத்தை நேராகப் பிடித்து, வேகம் தானே குறைய விடுவதே பரிந்துரைக்கப்படும் முறை. வேகத்தைக் கூட்டுவதும், காரின் தடையைத் திடீரென அழுத்துவதும், அசைவுக்கு எதிராகத் திருப்புவதும் நிலைமையை மோசமாக்கும்.

## அச்சு, சக்கரம், டயர்

டர்ட் பைக்குகளுக்குப் பெரும்பாலும் ஒற்றை அச்சு போதுமானது. 14 அடிக்கு மேற்பட்ட திறந்த டிரெய்லர்களிலும், பெரிய மூடிய டிரெய்லர்களிலும் இரட்டை அச்சு காணப்படும். இரட்டை அச்சு ஊசலாட்டத்தைக் குறைக்கிறது. ஒரு டயர் வெடித்தாலும் வண்டி நிலைகுலையாது. ஆனால் எடையும் விலையும் டயர் செலவும் கூடுகின்றன. டிரெய்லரைக் கையால் தள்ளித் திருப்புவதும் கடினம்.

டிரெய்லர் டயர்கள் கார் டயர்களிலிருந்து வேறுபட்டவை. அவற்றின் பக்கச் சுவரில் எஸ்.டி. என்னும் குறி இருக்கும். 13 அங்குல எஸ்.டி.175/80 அளவு டயர் ஒன்று, பி சுமை வரிசையில் 1100 பவுண்டும், சி சுமை வரிசையில் 1360 பவுண்டும் தாங்கும். 15 அங்குல எஸ்.டி.205/75 டயர் ஒன்று சி வரிசையில் 1820 பவுண்டு தாங்கும். இவை முழுக் காற்றழுத்தத்தில் மட்டுமே பொருந்தும் அளவுகள். இத்தகைய டயர்கள் பல மணிக்கு 65 மைல் (105 கி.மீ.) வேகத்திற்காக வடிவமைக்கப்பட்டவை. மலிவான மடிப்பு டிரெய்லர்களில் உள்ள 8 அங்குலச் சிறு சக்கரங்கள் அதே வேகத்தில் மிகுதியாகச் சுழல்வதால் தாங்கிகள் விரைவில் சூடாகின்றன. நெடுந்தூரப் பயணத்திற்கு 13 அங்குலமும் அதற்கு மேற்பட்டவையும் ஏற்றவை. டிரெய்லர்கள் ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் நிற்பதால், டயர்கள் தேயும் முன்னரே முதிர்ந்து வெடிப்பு விடுகின்றன.

## திறந்த டிரெய்லரும் மூடிய டிரெய்லரும்

மூடிய டிரெய்லர் மழை, தூசு, திருட்டு ஆகியவற்றிலிருந்து வண்டிகளைக் காக்கிறது; இரவில் தங்கவும் பயன்படுகிறது. ஆனால் ஒரே தள அளவுள்ள திறந்த டிரெய்லரைவிட எடை மிகுந்தது. 6×12 மூடிய டிரெய்லர் வெறுமையாகவே 500 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். இதைவிட முக்கியமானது காற்றுத் தடை. உயரமான முன்சுவர் காற்றை எதிர்ப்பதால் எரிபொருள் செலவு கணிசமாகக் கூடுகிறது. வாகன உற்பத்தியாளர் சிலர் இழுக்கும் எடையோடு டிரெய்லரின் முன்பரப்புக்கும் வரம்பு விதிப்பது இதனாலேயே.

திறந்த டிரெய்லரிலும் நிமிர்ந்து நிற்கும் கம்பிவலைச் சாய்தளக் கதவு ஓரளவு காற்றைத் தடுக்கும். சில வகைகளில் கதவைத் தளத்தின் மேல் உட்புறமாக மடித்து வைக்கலாம்; எனினும் வண்டிகள் ஏற்றியுள்ளபோது அதற்கு இடம் இருப்பதில்லை.

## ஏற்றுதலும் கட்டுதலும்

தளம் 48 செ.மீ. உயரத்திலும் சாய்தளக் கதவு 4 அடி (122 செ.மீ.) நீளத்திலும் இருந்தால் ஏற்றம் ஏறத்தாழ 23 பாகை. ஆறு அடி நீளத் தனிச் சாய்தளத்தைப் பயன்படுத்தினால் அது 15 பாகையாகக் குறையும். ஏற்றும் முன் டிரெய்லர் வாகனத்துடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் வண்டி பின்முனையில் ஏறும்போது டிரெய்லரின் முன்பகுதி மேலெழும்பிவிடும்.

ஒவ்வொரு வண்டியின் முன்சக்கரமும் தளத்தில் திருகப்பட்ட சக்கரத் தாங்கியில் நிறுத்தப்படுகிறது. கைப்பிடியின் இரு புறமும் கட்டுப்பட்டைகள் மாட்டி, முன்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுத்து, முன் ஃபோர்க் ஓரளவு அமுங்கும் வரை இறுக்கப்படும். முழுவதும் அமுக்கினால் ஃபோர்க்கின் எண்ணெய்த் தடுப்பு வளையங்களில் அழுத்தம் கூடும். குறைவாக அமுக்கினால் மேடுபள்ளத்தில் பட்டை தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். இதைத் தவிர்க்க முன்சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் இடையே கட்டை ஒன்றை வைப்பதுண்டு. பின்சக்கரத்தைத் தனிப் பட்டையால் கட்டுவது பின்பகுதி பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்கும். பட்டைகள் மாட்டப்படும் வளையங்கள் தளப் பலகையோடு நில்லாமல் அதன் கீழுள்ள இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

எரிபொருளும் நீரும் கணக்கில் விடுபடும் எடைகளாகும். 5 காலன் (19 லிட்டர்) பெட்ரோல் ஏறத்தாழ 14 கிலோகிராம். அதே அளவு நீர் 19 கிலோகிராம்.

## சட்ட விதிகள்

ஐக்கிய அமெரிக்காவில் டிரெய்லர் பதிவு, தடை, வேகம் ஆகியவை பெரும்பாலும் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டவை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வாகனங்களின் உச்ச வேகம் மணிக்கு 55 மைல் (ஏறத்தாழ 88 கி.மீ.) ஆகும். விளக்குகள் கூட்டாட்சி விதிகளுக்கு உட்பட்டவை. 80 அங்குலம் (203 செ.மீ.) அல்லது அதற்கு மேற்பட்ட முழு அகலமுள்ள டிரெய்லர்களுக்குக் கூடுதல் எல்லை விளக்குகள் தேவை. இணைப்பி கழன்றால் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளப் பாதுகாப்புச் சங்கிலிகள் பயன்படுகின்றன. இவை இணைப்புக் கோலின் கீழே ஒன்றையொன்று குறுக்கிடுமாறு மாட்டப்படுகின்றன. அவ்வாறு மாட்டினால் கழன்ற கோல் சாலையில் குத்தாமல் சங்கிலிகளின் மீது விழும்.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தடை அமைப்பு இல்லாத டிரெய்லரின் மொத்த எடைக்கு 750 கிலோகிராம் வரம்பு உள்ளது. மேலே கணக்கிடப்பட்ட 740 கிலோகிராம் டிரெய்லர் இவ்வரம்பின் விளிம்பில் உள்ளது; ஒரு பெட்ரோல் கலன் கூடினாலும் அதைத் தாண்டிவிடும். பிரித்தானியாவில் இதனுடன், டிரெய்லரின் எடை இழுக்கும் வாகனத்தின் எடையில் பாதிக்கு மேற்படக்கூடாது என்ற விதியும் உண்டு. அங்கு முன்முனை எடை 5 முதல் 7 விழுக்காடு எனப் பரிந்துரைக்கப்படுகிறது. ஐரோப்பிய டிரெய்லர்களின் வடிவமைப்பும், டிரெய்லர்களுக்கான குறைந்த வேக வரம்புகளும் இவ்வேறுபாட்டோடு தொடர்புடையவை. செருமனியில் டிரெய்லர் இழுக்கும் கார்களுக்குப் பொதுவான வரம்பு மணிக்கு 80 கி.மீ.; சிறப்பு ஒப்புதல் பெற்றவை 100 கி.மீ. வரை செல்லலாம். எனவே ஒரு நாட்டின் பரிந்துரையை மற்றொரு நாட்டின் டிரெய்லருக்கு அப்படியே பொருத்துதல் சரியன்று.

## இவற்றையும் பார்க்கவும்

- மோட்டோகிராஸ்
- மோட்டார் சைக்கிள்
- பிக்கப் வாகனம்
- நெம்புகோல்
- எடை மையம்